அலமாரியில் விட்டுவந்த கீச்சான்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் இங்கே சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் அங்கே சௌக்கியம் என்று முந்தாநாள் போனிலேயே கேட்டாகிவிட்டது, இருந்தாலும் கடிதம் என்று உட்கார்ந்துவிட்டால் அதைக் கேட்காமல் பேனா நகர மாட்டேன் என்கிறது, ஆகவே இன்னொரு தடவை கேட்டதாக வைத்துக்கொள். முதலில் அம்மாவின் கண். இரண்டாவது கண்ணிலும் புரை எடுத்து இன்றோடு பத்தொன்பது நாள். சொட்டு மருந்து நான்கு வேளையிலிருந்து இரண்டு வேளையாகக் குறைந்திருக்கிறது. போன வாரம் டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, இனி படிக்கலாம், கம்ப்யூட்டர் பார்க்கலாம், கனமான எதையும் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்றார். "அப்ப இவரையும் எறக்கி வெச்சிடவா டாக்டர்" என்று அம்மா என்னைக் காட்டிக் கேட்க, அறையிலிருந்த நர்ஸ் வரைக்கும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஜன்னலைப் பார்த்து, இவ்வளவு அழுக்கையா இத்தனை வருஷமாக வைத்துக்கொண்டு குடித்தனம் பண்ணினோம் என்று வாளியும் துணியுமாகக் கிளம்பிவிட்டாள். வாளியைப் பிடுங்கி நான்தான் துடைத்தேன். அவளுக்குக் கண் மங்கலாக இருந்தபோது எனக்கு இருந்த சுதந்திரம் போயிற்று, சட்டைக் காலரில் இருக்கும் கறை முதல் என் காதில் வளர்ந்த முடி வரை எல்லாம் இப்போது தெரிகிறது. மற்றபடி மாடிக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. எதிர்வீட்டுத் தையல்காரர் நாய் வாங்கியிருக்கிறார், அது அவரைத் தவிர எல்லோரிடமும் அன்பாக இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று மதியம் நாவலைத் திருத்தி முடித்துப் பதிப்பகத்தில் ஒப்படைத்துவிட்டேன். எடிட்டர் அம்மா கடைசி அத்தியாயத்தை என் எதிரிலேயே படித்தார், எடுத்துக்கொண்டோம் ஐயா, இனிமேல் நீங்கள் இதில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். மாடிப்படி இறங்கி வரும்போது கால் தரையில் பாவவில்லை. அங்கே லிஃப்ட் இருக்கிறது, ஆனாலும் படியில்தான் இறங்கினேன், மெதுவாக இறங்க வேண்டும் போல இருந்தது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டு மாதத்துக்கு முன்னால் நீ போனில் ஒரு வார்த்தை சொன்னதும் நான் பதிலே பேசாமல் அம்மா கையில் போனைக் கொடுத்துவிட்டு எழுந்து போனேனே, அதற்குப் பதில் இன்னும் என் வாயிலிருந்து வரவில்லை. போனில் எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். முப்பத்துமூன்று வருஷமாக மென்று விழுங்கிய விஷயத்தை அந்தக் கறுப்புப் பலகையில் பார்த்துப் பேச என்னால் முடியாது. அதனால் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், சமையலை முடித்துவிட்டுப் படி.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வை வரும். முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவன் ஓய்வு பெற்றபின் குழந்தைகளுக்கு மாயாஜாலக் கதை எழுதப் போகிறேன் என்றபோது சிரிக்காத ஆள் நீ ஒருத்திதான். நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் ஒரு நாலரை மாடி இருக்கிறது, லிஃப்ட் பழுதாகி நின்றால்தான் அங்கே இறங்க முடியும், அப்படி இறங்கும் ஒரு பெண் அங்கே கீச்சான் என்று ஒரு குட்டிப் பிராணியைக் கண்டெடுக்கிறாள், கதவுக் கீல் கிறீச்சிடும் சத்தம்தான் அதற்குச் சாப்பாடு. எல்லாக் கீலுக்கும் எண்ணெய் விட்டுக்கொண்டே போகும் எண்ணெய்க்காரன்தான் வில்லன். இந்த வில்லன் அவர் வேலையைத்தானே சார் ஒழுங்காகப் பார்க்கிறார் என்று எடிட்டர் அம்மா முதல் நாளே கேட்டார், எனக்கு முகம் சிவந்துவிட்டது. முதல் பிரதியை எழுதி முடித்தபோது இதற்கு மேல் திருத்த ஒன்றுமே இல்லை என்று நினைத்தேன், காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அம்மாதான் டைப் அடித்தாள். பத்திரப்பதிவு அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் அடித்த கை, என் எழுத்துப்பிழையை எல்லாம் வழியிலேயே திருத்திவிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதிப்பகத்திலிருந்து பிரதி திரும்பி வந்தபோது பக்கத்துக்குப் பக்கம் பச்சை மை. ஐயா, இந்தக் கதையில் கதவு நாற்பத்தொரு தடவை திறந்து மூடுகிறது என்று ஓரிடத்தில் எழுதியிருந்தது. நான் எண்ணிப் பார்த்தேன், நாற்பத்துமூன்று. இரண்டு கதவை அவர் கவனிக்கவில்லை என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

அதே வாரம்தான் நீயும் வாண்டும் சனிக்கிழமைக் காலைகளில் சேர்ந்து படித்து முடித்துவிட்டுப் போன் செய்தீர்கள். வாண்டு பாராட்டும் என்று நான் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அது எடுத்த எடுப்பில், "தாத்தா, கீச்சான் இன்னும் அலமாரியிலதான் இருக்கா?" என்றது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ஒன்பதாம் அத்தியாயத்துல அந்த அக்கா அதை அலமாரில வெச்சு, இங்கேயே இரு இதோ வந்துடறேன்னு தாழ்ப்பாள் போட்டுட்டுப் போனாளே, அப்புறம் வரவே இல்லையே, கதை முடிஞ்சு எல்லாரும் கை தட்டறாங்களே, யாரு போய்த் திறப்பா, கதவு திறக்கலைன்னா சத்தமும் வராதே, அதுக்குப் பசிக்காதா" என்று ஒரே மூச்சில் கேட்டுவிட்டு விசும்ப ஆரம்பித்துவிட்டது. நான் அசடு வழிந்தேன். இருநூறு பக்கம் எழுதியிருக்கிறேன், குட்டியை அறுபத்தோராம் பக்கத்தில் பூட்டிவிட்டு நான் பாட்டுக்குப் போயிருக்கிறேன். அப்போதுதான் நீ போனை வாங்கினாய். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாய். "எனக்கு ஒன்பதாம் அத்தியாயத்துலயே தெரிஞ்சுதுப்பா. சரி, அப்பா எப்படியும் திரும்பி வந்து திறப்பார்னு பார்த்துக்கிட்டே படிச்சேன். இருபத்திரண்டு வரைக்கும் நீ வரல" என்றாய். அந்தப் பெண் வரவில்லை என்று நீ சொல்லவில்லை, நீ வரல என்றாய். நான் எழுந்து போய்ச் சமையலறையில் கழுவி வைத்த டம்ளர்களை எல்லாம் இன்னொரு தடவை கழுவினேன்.

உனக்கு நினைவிருக்காது என்றே இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தேன். உனக்கு ஏழு வயது, ஞாயிற்றுக்கிழமை, அம்மாவை அலுவலகத்தில் ஏதோ தணிக்கை என்று வரச் சொல்லிவிட்டார்கள். உன்னை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்பது மாடிக் குடியிருப்பு, மொட்டை மாடியில் மெஷின் ரூம், பிரேக் கட்டை மாற்றுகிற வேலை. முடித்து, கருவிகளை எண்ணிப் பையில் போட்டேன். எங்கள் தொழிலில் எண்ணாமல் இடத்தை விட்டு நகரக் கூடாது, மறந்துவிட்ட ஒரு ஸ்பேனர் மேலேயிருந்து விழுந்தால் கீழே ஆள் காலி. பதினேழு கருவி போனால் பதினேழு திரும்பி வர வேண்டும். வேலை முடிந்ததும் எழுதும் லாக் புத்தகத்தில் கடைசி வரியும் எழுதினேன், நீ கூட அதை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டு திரிவாய், பெட்டி காலி, உள்ளே யாரும் இல்லை, கருவி பதினேழும் சரி. கையெழுத்துப் போட்டு மை காய்வதற்குள் காவலாளி மூச்சு வாங்க ஓடி வந்தார், இரண்டு தெரு தள்ளி ஒரு மருத்துவமனைக் கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, உள்ளே மாசமான பெண். உன்னை மோட்டார் பக்கம் விட பயம், ஒட்டினாற்போல இருந்த சாமான் அறையில் உட்கார வைத்தேன், அலமாரி இருக்குமே அந்த அறை. இங்கேயே இரு, இதோ வந்துடறேன் என்றேன். வெளியே தாழ்ப்பாள் போட்டேன். அந்தப் பெண்ணை இறக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இறக்கியதும் எல்லோரும் கை தட்டினார்கள். டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார், டீ கொடுத்தார்கள், நான் உட்கார்ந்து எப்படிக் கயிற்றைப் பிடித்தேன், எப்படிக் கையால் சக்கரத்தைச் சுற்றினேன் என்று கேட்டவனுக்கும் கேட்காதவனுக்கும் விளக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு டீ குடித்தேன். இத்தனை வருஷமும் என்னை அரித்தது அந்த இரண்டாவது டீதான். கிளம்பும்போது கருவியை எண்ணினேன், பதினேழும் இருந்தது. சரியாக இருந்தும் ஏதோ குறைகிறதே என்று இன்னொரு தடவை எண்ணினேன். மறுபடியும் பதினேழு. அப்போதுதான் எண்ணிக்கையில் வராத உன் நினைவு வந்தது. இரண்டு தெருவையும் எப்படி ஓடினேன் என்று தெரியாது. தாழ்ப்பாளைத் திறந்தபோது மூன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. நீ அழவில்லை. "வந்துட்டியாப்பா" என்று மட்டும் கேட்டாய். என் கையையும் முழங்காலையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாய், கிரீஸ் ஒட்டியிருக்கிறதென்று துடைக்கிறாய் போலும் என்று நினைத்தேன். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து அம்மாகிட்ட சொல்லாதே என்றேன். நீ சொல்லவில்லை. என்னிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. குழந்தை என்னைத் தண்டிக்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது நாவலுக்கு வருகிறேன். நீ போன் செய்த மறுநாள் ஒரு நோட்டில் கோடு போட்டு, கருவி எண்ணுவது போலவே எழுதினேன், எந்த அத்தியாயத்தில் யார் உள்ளே போகிறார்கள், யார் வெளியே வருகிறார்கள் என்று. நம் வீட்டு மானம் போயிற்று. நாலாம் அத்தியாயத்தில் தபால் நிலைய வரிசையில் நிறுத்திய சித்தி கதை முடியும்வரை அங்கேயே நிற்கிறாள். பன்னிரண்டில் ஒரு பையன் மரத்தில் ஏறுகிறான், இறங்கவே இல்லை. ஒரு சைக்கிள் மூன்று பேரால் திருடப்படுகிறது, ஒருத்தரும் திருப்பித் தரவில்லை. சித்தியை வீட்டுக்கு அனுப்ப ஒரு வரி போதும், பையனை இறக்க ஒரு ஏணி போதும், சைக்கிளைக் கதையிலிருந்தே அடித்துவிட்டேன். கீச்சானுக்குத்தான் வழி தெரியவில்லை. எடிட்டர் அம்மாவிடம் சொன்னேன். அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார், அலமாரிக் காட்சியையே எடுத்துவிடுங்கள், பத்துப் பக்கமும் குறையும், பத்தாம் அத்தியாயத்துக்கு மேல் அந்தக் குட்டி தேவையும் இல்லை என்று. எனக்கு அது கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. ஒரே காலையில் எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டுப் படித்தால் கதை கிரீஸ் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. எண்ணெய்க்காரன் வேலையைப் பார்த்துவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இதற்குள் அம்மாவுக்கு ஆபரேஷன் ஆயிற்று. பத்து நாள் கம்ப்யூட்டரைப் பார்க்கக் கூடாது, புத்தகத்தைப் பார்க்கக் கூடாது, கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிய அதிகாரி மாதிரி நாற்காலியில் சாய்ந்திருந்தாள். பொழுது போக வேண்டுமே, திருத்திய பிரதியை நான் வாசிக்க அவள் கேட்டாள். உரக்க வாசித்தால்தான் எழுதியதில் எத்தனை பொய் என்று தெரிகிறது, வாய் தானாகவே அங்கெல்லாம் வேகமாக ஓடுகிறது. பத்தாம் அத்தியாயம் முடிந்ததும் நிறுத்தச் சொன்னாள். "கீச்சான் எங்க?" என்றாள். எடுத்தாச்சு என்றேன். "எடுத்துட்டா இல்லைன்னு ஆயிடுமா? நான் டைப் அடிச்சேனே, எனக்குத் தெரியாதா" என்றாள். நான் பக்கத்தைப் புரட்டினேன். அவள் அந்தக் கண்ணாடியைக் கழற்றாமலேயே, "அது அந்த மெஷின் ரூம் அலமாரிதானே" என்றாள். பக்கம் என் கையில் நின்றுவிட்டது. அன்றைக்கு உன் கவுனின் பின்பக்கம் முழுக்கத் தரைக் கிரீஸ், மூன்று தண்ணீர் மாற்றித் துவைத்தாளாம். கொஞ்ச நேரம் உட்கார்ந்த குழந்தைக்கு அவ்வளவு ஒட்டாது என்று அவளுக்குத் தெரியாதா. அதற்கப்புறம் நான் உன்னை ஒரு ஞாயிறுகூட வேலைக்குக் கூட்டிப் போகவில்லை, நீயும் கேட்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன் என்று முப்பத்துமூன்று வருஷம் நினைத்துக்கொண்டிருந்தவன் நான், பக்கத்திலேயே உட்கார்ந்து அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஏன் கேட்கவில்லை என்றேன். "கேட்டா நீங்க பொய் சொல்வீங்க. அப்புறம் அந்தப் பொய்யோட நான் குடித்தனம் பண்ணணும். நீங்களா சொல்ற அன்னிக்குச் சொல்லுங்கன்னு விட்டுட்டேன்" என்றாள். அப்போது சொன்னேன், இரண்டாவது டீ வரைக்கும். நான் சொல்லி முடித்ததும், மருந்து போட்ட கண், அழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அழ வைக்காதீங்க என்று என்னையே அதட்டினாள். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன், எனக்கு ஆபரேஷன் ஆகவில்லையே.

மறுநாள் கீச்சானை அலமாரியில் திரும்ப வைத்தேன். வைத்தாயிற்று, இனி திறக்க வேண்டும். அந்தப் பெண் ஓடி வந்து தாழ்ப்பாளைத் திறக்கிறாள் என்று இருபத்துமூன்றாம் அத்தியாயம் தொடங்குகிறேன், கதவு கிறீச்சிடுகிறது, சரி, உள்ளேயிருந்து கீச்சான் என்ன சொல்லும்? ஏழு விதமாக எழுதினேன். ஒன்றில் தேம்பித் தேம்பி அழுதது. ஒன்றில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உம்மென்று இருந்தது. ஒன்றில் உன்னை மன்னித்தேன் என்று நீதிபதி மாதிரி இரண்டு பக்கம் பேசியது, அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது, எடிட்டர் அம்மா அதன் ஓரத்தில் பச்சை மையில், இது கீச்சான் பேசுவது போல இல்லை, யாரோ வயதானவர் தனக்குத்தானே பேசிக்கொள்வது போல இருக்கிறது என்று எழுதி அனுப்பினார். அந்த அம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது, எப்படித்தான் கண்டுபிடிக்கிறாரோ. கடைசி நாள் என்று அவர் சொன்ன தேதிக்குப் பத்து நாள்தான் இருந்தது. உள்ளே இருந்தவர்களுக்குத்தானே தெரியும், வெளியே தாழ்ப்பாள் போட்டவனுக்கு என்ன தெரியும் என்று அப்போதுதான் புத்தி வந்தது. உனக்கு அந்த ஒரு வரிச் செய்தியை எழுதிவைத்துவிட்டு இரண்டு நாள் அனுப்பாமல் வைத்திருந்தேன். அந்த மூன்றரை மணி நேரமும் நீ என்னம்மா செய்தாய், அவ்வளவுதான். அனுப்பியதும் போனைத் துணி பீரோவில் வைத்து மூடிவிட்டேன்.

நீ நான்கு நிமிஷம் பேசி அனுப்பியிருந்தாய். மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். எங்கள் வேலையில் மேலேயிருப்பவன் சொன்னதைக் கீழேயிருப்பவன் திருப்பிச் சொல்ல வேண்டும், சரியாகக் காதில் விழுந்ததா என்று பார்ப்பதற்கு, அதனால் நீ சொன்னதைத் திருப்பிச் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்து. அலமாரிக்கு அடியில் கிடந்த திருகாணிகளைப் பொறுக்கி உயரவாரியாக நிறுத்தினாய். கம்பி வலை வழியாகப் பெரிய சக்கரம் சுற்றுவது தெரிந்தது, ஒவ்வொரு தடவை சுற்றும்போதும் அப்பாதான் மேலே வருகிறார் என்று எண்ணினாய், முப்பத்தாறு வரைக்கும் எண்ணினாய். அப்புறம் மதியம் ஆகி எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருப்பார்கள், சக்கரம் நின்றுவிட்டது. வெகுநேரம் சுற்றவே இல்லை. லிஃப்ட் குழிக்குள்ள விழுந்தா எலும்புகூட மிஞ்சாது என்று உன்னைப் பக்கத்தில் வரவிடாமல் இருக்க நான்தான் பயமுறுத்தி வைத்திருந்தேன். அப்பா குழிக்குள் விழுந்துவிட்டார், அதனால்தான் லிஃப்டை நிறுத்திவிட்டார்கள் என்று நீ முடிவு செய்தாய். "நீ மறந்துட்டேன்னு எனக்குத் தோணவே இல்லப்பா. நீ செத்துட்டேன்னு நெனச்சேன். கதவு திறந்ததும் நீ முழுசா இருக்கியான்னுதான் தொட்டுப் பார்த்தேன். நீ மறந்திருப்பேன்னு காலேஜ் படிக்கறப்பதான் புரிஞ்சுது, கொஞ்ச நாள் கோபமா இருந்தேன், அப்புறம் கேட்டா நீ உடைஞ்சு போயிடுவேன்னு விட்டுட்டேன்" என்றாய். இதை மூன்று தடவை கேட்டேன். பள்ளிக்கூடம் படிக்கும் காலமெல்லாம் நான் வேலைக்குக் கிளம்பினால் தெரு முனை திரும்பும்வரை ஜன்னலில் நிற்பாயே, நான் போனை எடுக்காவிட்டால் இப்போதும் அம்மாவுக்கு மூன்று தடவை அடிப்பாயே, அதற்கெல்லாம் காரணம் மாடியில் உட்கார்ந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என்னை நீ தண்டிக்கவே இல்லை. உனக்குக் கோபம் வந்தது நியாயம், அந்தக் கொஞ்ச நாள் போதாது என்றால் இன்னும் கொஞ்ச நாள் கோபித்துக்கொள், நான் வாங்கிக்கொள்கிறேன். மறந்தது தப்பு. மறைத்தது அதைவிடத் தப்பு. இதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம். சொல்லிவிட்டேன், நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கிவிட்டது, எழுதும்போதே மூச்சு நன்றாக வருகிறது.

அன்று காலை கீழே இறங்கி வந்து எழுத உட்கார்ந்தவன் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கும்போது இருபத்துமூன்றாம் அத்தியாயம் முடிந்திருந்தது. கதவு கிறீச்சென்று நீளமாகத் திறக்கிறது. அத்தனை நாள் பட்டினி கிடந்த கீச்சானுக்கு அது விருந்துச் சாப்பாடு, வாயைத் திறந்தால் போதும். அது வாயைத் திறக்கிறது, ஆனால் சாப்பிட இல்லை. "உனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று கேட்கிறது. கேட்டுவிட்டு அந்தப் பெண்ணின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுகிறது. அதற்குள் அந்தச் சத்தம் காற்றில் போய்விடுகிறது. அந்தப் பெண் கதவை மூடி மறுபடி திறக்கிறாள், மூடித் திறக்கிறாள், கீச்சான் வயிறு நிரம்புகிற வரைக்கும் திறந்துகொண்டே இருக்கிறாள். அம்மா புதுக் கண்ணால் டைப் அடித்த முதல் அத்தியாயம் அது. அடித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் கையை எடுத்துவிட்டு, கண்ணுக்கு மருந்து போடும் நேரம் என்று எழுந்து போனாள், மருந்து நேரத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. எடிட்டர் அம்மா நேற்று படித்து முடித்துவிட்டுப் பச்சைப் பேனாவை மூடி வைத்துவிட்டு, மொத்தம் எத்தனை கதவு சார் இப்போது என்றார். கடைசி அத்தியாயத்தில் திறக்கிற கதவுகளை நான் எண்ணவில்லை அம்மா என்றேன்.

உனக்கு ஒரு புத்தி சொல்ல வேண்டும், புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று பார்க்காமல் கேட்டுக்கொள். வாண்டை எங்கேயாவது உட்கார வைத்துவிட்டுப் போகும்போது இதோ வந்துடறேன் என்று சொல்லாதே. நாலு மணிக்கு வருவேன், நாலரைக்கு வருவேன் என்று மணியைச் சொல். குழந்தை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாவது இருக்கும். மாப்பிள்ளையின் முதுகுவலிக்கு உட்காரும் நாற்காலியை மாற்றச் சொல், மாத்திரையை மாற்றிப் பிரயோஜனமில்லை. நீயும் ஆபீஸ் ஆபீஸ் என்று மதியச் சாப்பாட்டை மூன்று மணிக்குச் சாப்பிடாதே. நான் இனிமேல் போனை எங்கே வைத்தாலும் பீரோவுக்குள் வைப்பதில்லை, முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன், அப்படி எடுக்காவிட்டால் குளிக்கிறேன் என்று மட்டும் நினைத்துக்கொள், வேறு ஒன்றும் நினைக்கக் கூடாது.

இருபத்துமூன்றாம் அத்தியாயத்தை இதோடு தனி உறையில் வைத்திருக்கிறேன். மறந்துவிடாதே, புத்தகம் அச்சாகி வரும்வரை காத்திருக்க வேண்டாம், இந்தச் சனிக்கிழமையே வாண்டுக்குப் படித்துக் காட்டிவிடு, இரண்டு மாதமாக அந்தக் குழந்தை மனதில் கீச்சான் பட்டினி கிடக்கிறது. நீயும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து கேள், மாப்பிள்ளை படிக்கட்டும். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். அம்மா தன் ஆசீர்வாதத்தையும் எழுதச் சொன்னாள், எழுதியதைப் படித்துப் பார்த்து ஒரு பிழையும் கண்டுபிடித்தாள், அடித்துத் திருத்தியிருக்கிறேன். அன்றைக்கு நான் எழுதிக் கையெழுத்துப் போட்டு, மை காய்வதற்குள் பொய்யாகிப்போன வரியை இன்றைக்குத் திரும்ப எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன், பார்த்துக்கொள்.

கதவு திறந்திருக்கிறது. உள்ளே யாரும் இல்லை. எண்ணிக்கை சரி.

இப்படிக்கு,
முழுசாக இருக்கும் உன் அப்பா